ஆயுதத்துக்குத் தடையா, விலையா? ‘மாஸ் எஃபெக்ட்’ கேம் தொடரில் சமநிலை உருவான விதம்

கனடாவின் எட்மன்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ அறிவியல் புனைவு வீடியோ கேம் தொடரின் அடுத்த பாகம் தயாரிப்பில் உள்ளது. இத்தொடரின் ரசிகர்கள் ஆண்டுதோறும் ‘என்7 நாள்’ எனக் கொண்டாடும் நவம்பர் 7-ஆம் தேதியன்று, 2020-ஆம் ஆண்டில் இதற்கான அறிவிப்பு வெளியானது. கதை எங்கே தொடரும் என்ற கேள்விக்கு இணையாக, ஆயுதங்களும் வீரர் பிரிவுகளும் புதிய பாகத்தில் எவ்வாறு அமையும் என்ற கேள்வியும் விளையாட்டாளர்களிடையே நிலவுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. 2007 முதல் 2017 வரை வெளியான நான்கு பாகங்களிலும், யார் எந்த ஆயுதத்தை ஏந்தலாம், அதற்கு ஈடாக எதை இழக்க வேண்டும் என்ற விதியை பயோவேர் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதியது. ஒரு பாகத்தில் தீர்க்கப்பட்ட குறை, அடுத்த பாகத்தில் வேறோர் இடத்தில் தலைகாட்டியது. அந்த மாற்றங்களைப் பற்றிய விளக்கம் இது.

சமநிலை என்பது என்ன?

அதிரடிச் சண்டையும் பாத்திர வளர்ச்சியும் கலந்த கேம்களில், விளையாட்டாளர் முதலில் தமது நாயகனுக்கு ஒரு பிரிவைத் தேர்வு செய்கிறார். ‘கிளாஸ்’ எனப்படும் இப்பிரிவே, நாயகன் பயன்படுத்தக்கூடிய ஆயுதங்களையும் சிறப்புத் திறன்களையும் தீர்மானிக்கிறது. ஆட்டம் தொடங்கிய பின்னர் இந்தத் தேர்வைப் பொதுவாக மாற்ற இயலாது. முடிக்கப் பல பத்து மணி நேரம் பிடிக்கும் ஓர் ஆட்டத்தில், தாம் விரும்பித் தேர்ந்தெடுத்த பிரிவு கடினமான கட்டங்களில் பயனற்றுப் போவதைப் பாதி வழியில் அறியும் விளையாட்டாளருக்கு இழப்பு சிறியதன்று.

சமநிலை என்றால் எல்லாப் பிரிவுகளின் சேத அளவையும் ஒரே எண்ணாக்குவது என்று பொருளல்ல. அவ்வாறு செய்தால் பெயர் மட்டுமே வேறுபடும். தேர்வுக்கு அர்த்தம் இராது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பலன், அதற்கு ஈடான ஒரு விலை, அது சிறந்து விளங்கும் ஒரு சூழல் ஆகிய மூன்றும் இருப்பதே சமநிலை எனக் கொள்ளலாம். எதிராளி கணினியாக இருக்கும் ஒற்றையர் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். ஓர் ஆயுதம் எல்லாச் சூழலிலும் முந்தி நின்றால், மற்ற ஆயுதங்கள் பட்டியலை நிரப்பும் படங்களாக மட்டுமே எஞ்சும்.

ஆறு பிரிவுகள், மூன்று வேர்கள்

தளபதி ஷெப்பர்ட் என்ற நாயகப் பாத்திரத்தை மையமாகக் கொண்ட முதல் மூன்று பாகங்களிலும் ஆறு பிரிவுகள் உள்ளன. துப்பாக்கிச் சண்டை, தொழில்நுட்பம், பொருள்களை மனத்தால் தூக்கி எறியும் ‘பயோட்டிக்’ ஆற்றல் ஆகிய மூன்றும் இவற்றின் வேர்கள். சோல்ஜர் துப்பாக்கியையும், இன்ஜினியர் தொழில்நுட்பத்தையும், அடெப்ட் பயோட்டிக் ஆற்றலையும் மட்டுமே நம்பியவை.

மற்ற மூன்றும் கலப்புப் பிரிவுகள். இன்ஃபில்ட்ரேட்டர் துப்பாக்கியையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கிறது. வேன்கார்டு துப்பாக்கியுடன் பயோட்டிக் ஆற்றலைச் சேர்க்கிறது. சென்டினல் தொழில்நுட்பத்தையும் பயோட்டிக் ஆற்றலையும் கொண்டது. தாளில் எழுதிப் பார்த்தால் இந்த அமைப்பு தராசு போலச் சீரானது. சண்டைக்களத்தில் அது சீராக இயங்கியதா என்பதே தொடரின் நீண்ட காலக் கேள்வி.

2007: பயிற்சி இல்லாதவருக்குத் தடை

2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வெளியான முதல் பாகம், பாத்திர வளர்ச்சி கேம்களின் பழைய மரபைப் பின்பற்றியது. கைத்துப்பாக்கி, ஷாட்கன், அசால்ட் ரைஃபிள், ஸ்னைப்பர் ரைஃபிள் என்ற நால்வகை ஆயுதங்களிலும் பயிற்சி பெற்ற ஒரே பிரிவு சோல்ஜர். மற்றவர்கள் பயிற்சி இல்லாத ஆயுதத்தைக் கையில் எடுத்தால் குறி சிதறும். ஆயுதம் கையில் இருந்தும் பயன் இல்லை என்ற நிலையே அங்கு தடையாகச் செயல்பட்டது.

இந்தப் பாகத்தில் தோட்டா தீர்ந்து போவதில்லை. உலோகக் கட்டியிலிருந்து சிறு துகளைச் செதுக்கி எடுத்து மிகுவேகத்தில் செலுத்துபவை இக்கதையுலகின் துப்பாக்கிகள். தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி சூடேறிச் சிறிது நேரம் செயலிழக்கும். எனவே சூடுதான் ஆயுதத்தின் விலை. ஆனால், ஆட்டத்தின் பிற்பகுதியில் கிடைக்கும் உயர்நிலை ஆயுதங்களில் சூட்டைக் குறைக்கும் உதிரிப் பாகங்களைப் பொருத்தினால், துப்பாக்கி சூடேறாமலே சுட்டுக்கொண்டிருக்கும். விலை மறைந்ததும் சமநிலையும் மறைந்தது.

சிறப்புத் திறன்களின் நிலையும் இதுவே. ஒருமுறை பயன்படுத்திய திறன் மீண்டும் தயாராவதற்கு ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. முதல் பாகத்தில் ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனிக் காத்திருப்பு நேரம் இருந்தது. ஆகவே வளர்ந்த நிலையில் உள்ள ஓர் அடெப்ட், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் திறன்களையும் ஏவ முடிந்தது. எதிரியின் கேடயம் பயோட்டிக் ஆற்றலைத் தடுக்காததால், அறையில் உள்ள எதிரிகள் அனைவரும் திருப்பிச் சுட வாய்ப்பின்றி அந்தரத்தில் மிதந்தனர்.

2010: பொதுக் காத்திருப்பும் அடுக்குப் பாதுகாப்பும்

2010 ஜனவரியில் வெளியான இரண்டாம் பாகம் இந்த அமைப்பை வேரோடு மாற்றியது. பொருள் சேகரிப்புப் பட்டியல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில், இரண்டாம் பாகத்தின் முதன்மை ஆட்ட வடிவமைப்பாளர் கிறிஸ்டினா நார்மன் இம்மாற்றங்கள் குறித்துத் தனி உரையே நிகழ்த்தினார்.

மூன்று மாற்றங்கள் சமநிலையை நேரடியாகத் தொட்டன. முதலாவதாக, சூடேறும் துப்பாக்கிக்குப் பதிலாக ‘தெர்மல் கிளிப்’ வந்தது. நடைமுறையில் இது எண்ணிக்கைக்கு உட்பட்ட தோட்டாதான். இரண்டாவதாக, எல்லாத் திறன்களுக்கும் ஒரே பொதுக் காத்திருப்பு நேரம் விதிக்கப்பட்டது. ஒரு திறனை ஏவினால் மற்றவையும் காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, எதிரிகளுக்குக் கேடயம், கவசம், பயோட்டிக் தடுப்பு என அடுக்குப் பாதுகாப்பு தரப்பட்டது.

அடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கருவி தனி. ‘ஓவர்லோடு’ திறன் கேடயத்தைக் கரைக்கும். ‘இன்சினரேட்’ கவசத்தை எரிக்கும். ‘வார்ப்’ கவசத்தையும் பயோட்டிக் தடுப்பையும் சிதைக்கும். எந்தத் தனி ஆயுதமும் எல்லாவற்றுக்கும் விடையாகாது என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால், அதே விதி ஒரு பிரிவைக் கடுமையாகப் பாதித்தது. எதிரியைத் தூக்குவது, இழுப்பது, எறிவது ஆகியவை அடெப்டின் அடையாளம். பாதுகாப்பு அடுக்கு எஞ்சியிருக்கும் வரை இத்திறன்கள் ஏறக்குறைய பலிக்காது. சாதாரணக் கடின நிலையில் பெரும்பாலான சிறு எதிரிகளுக்கு அடுக்கு இல்லை என்பதால் சிக்கல் எழவில்லை. ‘இன்சானிட்டி’ எனப்படும் உச்சக் கடின நிலையில் ஏறக்குறைய எல்லா எதிரிகளுக்கும் ஓர் அடுக்கு உண்டு. அங்கு அடெப்ட், தனது கையில் உள்ள சிறிய சப்மெஷின் கன்னால் முதலில் கேடயத்தைத் தகர்த்த பின்னரே தனது தொழிலைத் தொடங்க முடிந்தது. அடுக்கு தகர்ந்த எதிரி, அதற்குள் சில தோட்டாக்களில் வீழும் நிலைக்கு வந்திருப்பான். அப்போது தூக்கி எறிவதால் என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு இரு ஈடுகள் தரப்பட்டன. ஒன்று, துணை வீரர்கள். ஷெப்பர்ட் தம்முடன் இருவரை அழைத்துச் செல்லலாம். அவர்களது திறன்களின் காத்திருப்பு நேரம் தனி. ஓவர்லோடு, வார்ப் ஆகிய இரண்டையும் அறிந்த மிராண்டா போன்ற பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்டால், அடெப்டின் குறை பெருமளவு நிரம்பும். மற்றொன்று, கதையின் நடுவே கலெக்டர்கள் என்ற எதிரிகளின் கப்பலில் கிடைக்கும் கூடுதல் ஆயுதப் பயிற்சி. அங்கு அடெப்டும் அசால்ட் ரைஃபிள், ஷாட்கன், ஸ்னைப்பர் ரைஃபிள் ஆகியவற்றில் ஒன்றைக் கற்கலாம்.

அதேவேளையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முத்திரைத் திறன் உறுதியானது. எதிரியை நோக்கிப் பாய்ந்து மோதும் ‘சார்ஜ்’ வேன்கார்டுக்கும், உருவை மறைக்கும் ‘டாக்டிகல் குளோக்’ இன்ஃபில்ட்ரேட்டருக்கும், காலத்தை மெதுவாக்கும் ‘அட்ரினலின் ரஷ்’ சோல்ஜருக்கும் உரியவையாயின. பிரிவு என்பது ஆயுதப் பட்டியலாக இல்லாமல், சண்டையிடும் முறையாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

2012: தடைக்குப் பதிலாக எடை

2012 மார்ச்சில் வெளியான மூன்றாம் பாகம், ஆயுதத் தடையை முற்றிலும் அகற்றியது. எந்தப் பிரிவும் எந்த ஆயுதத்தையும் முழுத் திறனுடன் ஏந்தலாம். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆயுதத்துக்கும் எடை குறிக்கப்பட்டது. சுமை கூடக் கூட, சிறப்புத் திறன்கள் மீளும் வேகம் குறையும். இந்த வேக மாற்றம் கூடுதலாக 200 சதவீதம் முதல் குறைவாக 200 சதவீதம் வரை செல்லக்கூடியது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு திறன் மீள்வதற்கு இயல்பாக 9 நொடி ஆகும் எனக் கொள்வோம். எடை குறைந்த ஒரு கைத்துப்பாக்கியை மட்டும் எடுத்துச் செல்பவருக்கு மீளும் வேகம் 200 சதவீதம் கூடும், அதாவது மும்மடங்காகும். அவருக்கு அதே திறன் 3 நொடியில் தயாராகிவிடும். கனரக ஆயுதங்களைச் சுமப்பவர் 9 நொடியையும் தாண்டிக் காத்திருக்க வேண்டியிருக்கும். எனவே அடெப்ட் கனமான ஸ்னைப்பர் ரைஃபிளை எடுக்கலாமா என்பதற்கு விடை, ‘கூடாது’ என்பதல்ல. ‘எடுக்கலாம், ஆனால் உங்கள் திறன்கள் தாமதமாகும்’ என்பதே.

தொடரின் சமநிலை வரலாற்றில் இதுவே முதன்மையான திருப்பம். தடை விளையாட்டாளரின் முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. விலை அம்முடிவை அவரிடமே விடுகிறது. அத்துடன் இரு பயோட்டிக் திறன்களை அடுத்தடுத்து ஏவி வெடிப்பை உண்டாக்கும் வாய்ப்பும் இப்பாகத்தில் விரிவாக்கப்பட்டதால், குறைந்த சுமையுடன் விரைந்து செயல்படும் அடெப்ட் இழந்த மதிப்பை மீண்டும் பெற்றது.

ஒரே சேதம், இரு விளைவுகள்

ஆயுதங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நொடிக்கு எவ்வளவு சேதம் என்ற ஒற்றை எண்ணையே பார்க்கின்றனர். மூன்றாம் பாகத்தின் விதிகள் அந்த எண் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைக் காட்டுகின்றன.

இப்பாகத்தில் கவசம், தன்மீது படும் ஒவ்வொரு தோட்டாவின் சேதத்திலிருந்தும் குறிப்பிட்ட ஓர் அளவைக் கழித்துவிடும். அந்த அளவு 50 எனக் கொள்வோம். தலா 60 சேதம் தரும் 10 தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கி ஒன்று. ஒரே தோட்டாவில் 600 சேதம் தரும் துப்பாக்கி மற்றொன்று. இரண்டின் மொத்தமும் 600. கவசத்தின் மீது சுட்டால் முதலாவது 100 சேதமே தரும்; இரண்டாவது 550 தரும்.

கேடயம் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. உயர்ந்த கடின நிலைகளில், கேடயத்தைத் தகர்த்த தோட்டாவின் மிச்சச் சேதம் பெரும்பாலும் எதிரியின் உடலுக்குப் போய்ச் சேராது. எனவே ஒரே அடியில் பெரும் சேதம் தரும் துப்பாக்கியின் பலத்தில் ஒரு பகுதி வீணாகிறது; தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. தாளில் சமமான இரு ஆயுதங்கள், எதிரியைப் பொறுத்து ஒன்றையொன்று முந்துகின்றன. ஆயுதத்தின் எண்ணை மாற்றாமல், எதிரியின் தன்மையை மாற்றியே சமநிலை காணும் வழி இது.

பலர் ஆடும் களத்தில் பணமும் நேரமும்

மூன்றாம் பாகத்தில் முதன்முறையாக நால்வர் வரை ஒன்றிணைந்து ஆடும் இணையவழிக் களம் சேர்க்கப்பட்டது. 10 அலைகளாக வரும் எதிரிகளைச் சமாளித்து, இறுதியில் மீட்பு வாகனம் வரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இங்கு ஒருவரின் தேர்வு மற்ற மூவரையும் பாதித்தது. மிகு பலம் கொண்ட ஓர் ஆயுதத்தை ஏந்தியவர் எல்லா எதிரிகளையும் வீழ்த்திவிட்டால், மற்றவர்களுக்கு வேலை இல்லை. பலமற்ற பிரிவைத் தேர்ந்தவரை மற்றவர்கள் சுமையாகக் கருதும் நிலையும் உருவாகும்.

இக்களத்தில் ஆயுதங்களும் பாத்திரங்களும் மூடிய பொதிகள் வழியாகக் கிடைத்தன. ஆட்டத்தில் ஈட்டும் புள்ளிகளைக் கொண்டோ உண்மைப் பணத்தைக் கொண்டோ பொதியை வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது திறக்கும் வரை தெரியாது. பல நாள் உழைப்புக்குப் பின்னரோ பணம் செலுத்திய பின்னரோ கிடைத்த ஓர் அரிய துப்பாக்கியின் பலத்தை நிறுவனம் பின்னர் குறைத்தால், அது வெறும் எண் திருத்தமாக மட்டும் உரிமையாளருக்குத் தோன்றுவதில்லை.

பயோவேர் இக்களத்துக்கான சமநிலைத் திருத்தங்களைத் தனிப் பதிவிறக்கம் தேவைப்படாமல் வழங்கி வழியாகவே, பெரும்பாலும் வாரந்தோறும் வெளியிட்டது. 2012 மே மாதம் ‘ரெபெல்லியன்’ விரிவாக்கத்தில் வந்த கிரைசே ஸ்னைப்பர் ரைஃபிள் இதற்கு எடுத்துக்காட்டு. இதன் தோட்டா வெடிக்கும் தன்மை கொண்டது. குறி சற்றுத் தவறினாலும் அருகில் உள்ளோருக்கும் சேதம் விளையும். துல்லியமே ஸ்னைப்பர் ரைஃபிளின் விலை என்ற விதியை இது மீறியதால், பின்னர் அதன் பலம் குறைக்கப்பட்டது.

எடை விதியிலிருந்து தப்பிய ஒரு பிரிவும் உண்டு. உருவை மறைக்கும் திறனின் காத்திருப்பு நேரம், எவ்வளவு நேரம் மறைந்திருந்தோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே மறைந்தவுடன் சுட்டுவிடும் இன்ஃபில்ட்ரேட்டர், கனமான ஆயுதம் ஏந்தியிருந்தாலும் விரைவில் மீண்டும் மறைய முடிந்தது. மறைந்த நிலையில் சுடும் தோட்டாவுக்குக் கூடுதல் சேதமும் உண்டு. வீழ்ந்த தோழரை எதிரியின் கண்ணில் படாமல் எழுப்பும் வசதியும் இதனுடன் சேர்ந்தது. எல்லாரும் செலுத்தும் விலையை ஒரு பிரிவு மட்டும் செலுத்தாமல் இருந்ததே, கடினமான களங்களில் அப்பிரிவை அதிகம் பேர் நாடியதற்குக் காரணம்.

2017, 2021: எல்லைகள் தளர்ந்தன

2017 மார்ச்சில் வெளியான ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா’, நிலையான பிரிவு என்பதையே கைவிட்டது. மூன்று வேர்களின் திறன்களையும் ஒருவரே கற்கலாம். பிரிவுகளின் இடத்தில், விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய ஏழு ‘புரொஃபைல்’கள் வந்தன. எடை விதி தொடர்ந்தது. ஒரே நேரத்தில் மூன்று திறன்களை மட்டுமே கையில் வைத்திருக்க முடியும் என்பது புதிய விலையானது.

தவறான தேர்வால் நேரம் வீணாகும் அச்சம் இதனால் நீங்கியது. ஆனால் இன்னொன்று இழக்கப்பட்டது. முந்தைய பாகங்களில் துணை வீரர்களின் திறன்களை விளையாட்டாளரே குறிப்பிட்டு ஏவலாம். ஆண்ட்ரோமெடாவில் அந்த வசதி இல்லை. ஒருவரின் குறையை மற்றவர் நிரப்பும் குழு அமைப்பு பலவீனமடைந்து, எல்லாவற்றையும் தாமே செய்யும் நாயகன் முன்னுக்கு வந்தார். பிரிவுகளுக்கு இடையிலான சமநிலை என்ற கேள்வி தீர்க்கப்படவில்லை. பிரிவுகளே கரைந்ததால் அது மறைந்தது.

2021 மே 14 அன்று முதல் மூன்று பாகங்களும் மெருகேற்றப்பட்டு ‘லெஜண்டரி எடிஷன்’ என்ற பெயரில் வெளியாயின. இதில் முதல் பாகத்தின் ஆயுதத் தடை நீக்கப்பட்டது. எந்தப் பிரிவும் எந்தத் துப்பாக்கியையும் குறி சிதறாமல் பயன்படுத்தலாம். எனினும், புள்ளிகளைச் செலவிட்டு ஓர் ஆயுதத்தில் தேர்ச்சியை உயர்த்தும் வாய்ப்பு அதற்குரிய பிரிவுகளுக்கு மட்டுமே வைக்கப்பட்டது. மூன்றாம் பாகத்தின் இணையவழிக் களம் இத்தொகுப்பில் இடம்பெறவில்லை.

அடுத்த பாகத்தின் முன்னுள்ள தேர்வு

நான்கு பாகங்களின் அனுபவமும் சேர்ந்து சில தெளிவான முடிவுகளைத் தருகின்றன. ஆயுதத்தைப் பிரிவுக்கு மறுப்பதைவிட, அதற்கு ஒரு விலை வைப்பது விளையாட்டாளரின் சுதந்திரத்தைக் காக்கிறது. அந்த விலை ஆட்டத்தின் இறுதி வரை நீடிக்க வேண்டும்; சூடேறாத துப்பாக்கியைப் போல இடையில் மறைந்துவிடக் கூடாது. அது எல்லாப் பிரிவுக்கும் பொருந்த வேண்டும். இன்ஃபில்ட்ரேட்டருக்கு வாய்த்ததைப் போன்ற விலக்கு இருக்கக் கூடாது. கடின நிலையை உயர்த்தும்போது, எதிரியின் பலம் கூடினாலும் எந்தப் பிரிவின் முத்திரைத் திறனும் செயலற்றுப் போகக் கூடாது.

புதிய பாகத்தில் ஷெப்பர்ட் காலத்து ஆறு பிரிவுகள் திரும்புமா, ஆண்ட்ரோமெடாவின் தளர்ந்த எல்லைகள் தொடருமா என்பதை ஆட்டம் வெளியாகும்போது அறியலாம். எந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டாலும், முதல் திரையில் ஒரு பிரிவைத் தேர்வு செய்யும் விளையாட்டாளர் அதனுடன் இறுதிக் கட்டம் வரை செல்ல இயலுமா என்பதே அதன் சமநிலையை அளக்கும் அளவுகோலாக இருக்கும்.